எங்கள் கிணற்று மீன்

லண்டனில் ஆண்டில் பாதி நாள் எனக்குக் குளிர்கிறது. என் கொசுக்களுக்குக் குளிர்வதில்லை. அவற்றின் அறையில் மட்டும் சூட்டுக்காக இரவு பகலாகக் குழாயில் வெந்நீர் ஓடுகிறது. இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கொசு வளர்க்கும் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. புழுத் தொட்டிகளுக்குத் தீனி போட்டு, கூண்டுக்குள் கையை விட்டு ரத்தம் கொடுத்து, பகல் சாப்பாட்டையும் அந்த வெக்கையிலேயே முடித்துக்கொள்வேன். "கடிக்காதா?" என்று எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரி கேட்டாள். கடிக்கத்தானே வளர்க்கிறோம் என்றேன். மறுநாளிலிருந்து என் படுக்கை விரிப்பைத் தனியாகத் துவைக்கப் போடுகிறாள்.

போன வாரம் எங்கள் டைரக்டர் கூப்பிட்டார். மதுரைப் பக்கம் மலேரியா நிலையம் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். நான் தலைமை ஏற்றுப் போக வேண்டுமாம். "சொந்த மக்களுக்கு வேலை செய்யலாம், சந்தோஷம்தானே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொந்த மக்கள்! வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு. நான் சேரிப் பிள்ளை; மிஷன் பள்ளிக்கூடப் புண்ணியத்தில் படித்து மலேரியா ஒழிப்பு வேலையில் சேர்ந்தவன். கொசுப்புழுவைத் தின்னும் பொடிமீன்களைக் கண்மாயில் பிடித்துவந்து முதலில் எங்கள் கிணற்றில் விட்டேன். மீன் பெருகியது, புழு ஒழிந்தது. ஊர்க்கிணற்றில் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. அங்கே பிறக்கும் கொசு அங்கேயே இருந்துவிடுமா? எங்கள் கிணற்று மீனைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போனேன். சர்க்கார் கோட்டு போட்டிருந்தேன். அது போதும் என்று நம்பிய மடையன். ஊர்ப் பெரியவர் வழிமறித்தார்.

"ஏண்டா, எம்புட்டுத் திமிரு இருந்தா உங்க கெணத்து மீன எங்க தண்ணியில விட வருவ?"

"அய்யா, மீனு புழுவத்தான் திங்கும். விட்டா காய்ச்சல் நிக்கும்யா."

"காய்ச்சல்ல செத்தாலும் சாவோம், தீட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம். கொட்றா கீழ!"

அவருடைய ஆள் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தான். மீன்கள் புழுதியில் துள்ளி அடங்கின. வேறு மீனை வேறு ஆள் மூலமாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன். ஊர் வழக்கத்தில் சர்க்கார் தலையிடாது என்று அந்த வெள்ளைக்காரர் கையை உதறிவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் காய்ச்சல். பெரியவர் மகனுக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா மாத்திரை கிடைத்தது, பிழைத்தான். சேரிக்கு அது வந்து சேரவில்லை. என் தங்கை முத்தம்மா, "குளிருதுண்ணே, அம்புட்டுத் துணியையும் போத்திவிடுண்ணே" என்று நடுங்கி நடுங்கியே போய்விட்டாள். அவர்கள் கிணற்றுக் கொசு எங்கள் குடிசைக்குள் வரத் தடையில்லை. எங்கள் மீன் அங்கே போகத்தான் தடை. அதன் பிறகுதான் ஊரை விட்டு லண்டன் வந்தேன்.

எல்லாவற்றையும் டைரக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என்ன இன மீன்?" என்றார்.

"போகிறேன். ஆனால் ஊர்க்கிணற்றில் நான் வாளி போட வேண்டும். சர்க்கார் என் பக்கம் நிற்குமா?"

"தண்ணீருக்குக் கவலைப்படாதீர்கள். உங்கள் பங்களாவில் குழாய் போட்டுத் தருவார்கள்."

நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

போகத்தான் போகிறேன். பங்களாக் குழாய்க்காக அல்ல. முதல் வேலையாக எங்கள் கிணற்றில் மீன் பிடித்து, பட்டப்பகலில் அதே ஊர்க்கிணற்றுக்குக் கொண்டுபோவேன். இந்தத் தடவை குடத்தில் எவன் கை வைக்கிறான் பார்க்கிறேன். வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சொந்த ஊருக்கா! எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்!" என்றாள். அன்று மாலையே என் ஜன்னலில் 'அறை காலி' என்று அட்டை தொங்கியது. அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். வாடிப்பட்டிப் பக்கம் அந்த ஊர்க்கிணறு எனக்கு இன்னும் திறக்கவில்லை.