கப்பி வில்லும் மர வில்லும்

வில் கடைக்காரர் நாணுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். மகளுக்காக நான் பார்த்த புது வில்லில் இழுக்கும் பாரத்தைக் குறைக்கும் கப்பிகளும் குறி பார்க்கும் கண்ணாடியும் இருந்தன. "இது இல்லாமல் இப்போது யாரும் போட்டிக்குப் போவதில்லை" என்றார். அந்த மெழுகின் மணம் என்னை 1989க்குக் கொண்டுபோனது.

அப்போது லண்டன் வெம்பிளியில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். எனக்குப் பதினாலு வயது. வில்வித்தைக் கழகம் வேண்டாமென்று கழித்துவிட்ட மர வில்தான் என்னுடையது. பேக்கரி ஷிப்ட் முடிந்து வரும் அம்மா, பருப்பு வேகும் நேரத்தில் அதன் நாணுக்கு மெழுகு தேய்ப்பா. சமையலறை முழுக்கத் தேன்மெழுகும் உள்ளியும் மணக்கும்.

கழகப் போட்டியன்று என் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் புத்தம் புதுக் கப்பி வில் இருந்தது. அவளுடைய தகப்பன் என் வில்லைப் பார்த்துச் சிரித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டா.

"இதை மியூசியத்திலை வைக்கட்டாம்."

"வைக்கலாம். முதல் நீ எய்து முடி."

கழகத்துக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் வில்லை நீட்டினார். வேண்டாம் என்றேன். விரல் தோல் உரிய உரிய எய்தேன். பன்னிரண்டு பேரில் மூன்றாவதாக வந்தேன். பக்கத்தில் நின்றவள் ஏழாவது. முதலாவதாக வந்தவளிடமும் கப்பி வில்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் மழையிலும் வந்து பழகியவள்.

கடையில் மகள் அந்த வில்லை இழுத்துப் பிடித்தாள். முழுக்க இழுத்ததும் பாரமே தெரியவில்லை என்றாள்.

"வாங்குவமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மா. எல்லாத்தையும் இதுவே செய்தா, பிறகு நான் என்னத்துக்கு?"