கேரேனாவின் பங்கு

ஈசாக்கு தன் ஒரே மகளுக்குக் கேரேனாப்புக் என்று பேர் வைத்தார். அது பைபிளில் வரும் யோபின் மூன்றாம் மகளுடைய பேர். எபிரேயத்தில் கண்மை வைக்கும் கொம்புச் சிமிழ் என்று அர்த்தம். பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அந்தப் பேரைச் சொல்லத் திணறும்போதெல்லாம் அவள் அண்ணன் ஜெயசீலனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மை டப்பா என்று பிள்ளைகளைக் கூப்பிட வைத்ததே அவன்தான். அவள் அழவில்லை. மறுநாள் மையைக் கொஞ்சம் கூடுதலாகவே தீட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் நர்ஸ். கல்யாணம் பேசி முடித்ததும், கிணற்று நிலத்தில் பாதி அவளுக்கு என்று சொல்லிவிட்டார் அப்பா.

"கட்டிக்கிட்டுப் போறவளுக்கு எதுக்குங்கப்பா நெலம்?"

"யோபு பொண்ணுங்களுக்கும் பங்கு குடுத்தாருடா. பேரை மட்டும் எடுத்துக்கிட்டு அதை வுட்டுற முடியுமா?"

ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று ஜெயசீலன் பைபிளை எடுத்து யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்தான். பங்கு கொடுத்தது நிஜம். மூன்று மகள்களின் பேரும் இருந்தன. மகன்கள் ஏழு பேர் என்று மட்டும்தான் இருந்தது. ஒருத்தன் பேர்கூட இல்லை. நிலத்தைவிட அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எம் பக்கமும் நீயே தக்காளி போட்டுக்கண்ணா, எனக்கு டியூட்டிக்கே நேரம் சரியாருக்கு" என்றாள் கேரேனா.

"உன் மண்ணு எனக்கு எதுக்கு?"

விடிந்ததும் மண்வெட்டியோடு போய் நடுவில் அவனே வரப்பு போட்டான். அதுவரை அப்பாவின் வாய்ச்சொல்லாக இருந்த பங்கு, அன்றைக்குத்தான் ஊர்க்கண்ணுக்குத் தெரிந்தது.