பேட்டரி மாத்தி

எங்கள் வீட்டுக் கணினி எஸ்டேட் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வந்தது. ஆபீசுக்குப் புதியவை வந்த அன்று, "கிராணி, இத நீங்க எடுத்துக்குங்க, தூக்கிப் போட மனசு வரல" என்றார் மேனேஜர். தூக்கிப் போடுவதற்கு அவர் கண்டுபிடித்த இடம் என் வீடு என்பது பிறகுதான் புரிந்தது.

நான் அந்த ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் இழுத்து எடுத்தேன். அன்று முதல், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டர் தெரிந்தவன். இல்லை என்று மறுத்துப் பார்த்தேன். ரொம்பவும் மறுக்கவில்லை.

அந்தக் கணினியை உண்மையில் பயன்படுத்துபவள் என் மனைவி. தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிற்றாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவி. இந்த வருடத் திருநாளுக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தாள். நான்கு சரணம். மூன்றைக் குழுவுக்குப் பாடிப் பாடியே பழக்கிவிட்டாள். என்னிடம் ஒரு வரி காட்டவில்லை. நிறையப் படித்தவன் என்று பெயர் எடுத்தவனோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் இந்த ஜாக்கிரதையை இயல்பாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

நான்காவது சரணத்தைப் போன வாரம் ஒரே மூச்சில் நேராகக் கணினியிலேயே தட்டி முடித்தாள். தாளில் எழுதவில்லை. மனப்பாடமும் இல்லை. திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை சாயந்திரம், பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"யோசிக்குது."

"எவ்ளோ நேரம் யோசிக்கும்?"

"பழசுல்ல, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

"நீங்களும் பழசுதான். சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் ஒடனே வர்றீங்க."

அரை மணி நேரத்துக்குப் பிறகு அது யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சுவர்க் காலண்டரின் ஓரத்தில் அவள் கையெழுத்து: "கம்போங் ராஜா கடைக்குப் போன் போட்டேன். பேட்டரி மாத்தி."

அவ்வளவுதான். சாதாரண மனிதன் என்றால், அவள் வந்ததும் என்ன என்று கேட்டிருப்பான். நான் இலக்கணம் பார்த்தேன். 'மாத்தி' என்பது வினையெச்சம். முடிக்க ஒரு வினைமுற்று வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள், பாவம். பேட்டரியை மாத்தியாச்சு என்பதுதான் சொல்ல வந்தது. போன வருடம் கம்போங் ராஜா ஊரிலுள்ள அந்தக் கம்ப்யூட்டர் கடையில்தான் கணினியைச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். அப்போதே உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றிவிட்டார்கள் போல. ஆக, பழுது பேட்டரியில் இல்லை. சந்தேகப் பட்டியலிலிருந்து அதை அடித்தேன். துப்புத் துலக்குகிறவனின் நிமிர்வு அப்போது என் முதுகில் இருந்தது.

அவள் வந்ததும் கேட்கத்தான் செய்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"கடைக்காரர் பேட்டரி மாத்தின்னுதானே சொன்னாரு?"

"ஆமா, மாத்தின்னுதான் சொன்னாரு."

"அப்போ அத விட்டுரலாம்."

"விட்டுரலாமா?" என்று ஒரு கணம் தயங்கினாள். "எனக்கென்ன தெரியும், நீங்கதான் கம்ப்யூட்டர் கிராணி."

விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன். மெமரி அட்டையை உருவி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். கேபிள்களைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். எங்கள் மலையில் துவைத்த சட்டையே மூன்று நாள் காயாது, கணினிக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்று மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். கணினி அப்படியே இருந்தது. ஹேர் டிரையர் புகைந்து நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை, குழுவில் மூத்தவரான மேல் லைன் அக்கா வீட்டுக்கு வந்தார். கழற்றிப் பரப்பிய மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது ரிப்பேரா, இல்ல போஸ்ட்மார்ட்டமா?"

நான் ஸ்க்ரூ தேடுவது போல் குனிந்தேன்.

"தங்கச்சி, நாலாவது சரணம் இல்லாட்டி பரவால்ல லா. மூணாவதையே ரெண்டு தரம் பாடிருவோம். சாமி கணக்கா பாக்கப் போறாரு?"

என் மனைவி சிரிக்கவில்லை. "அந்த நாலாவதுக்காகத்தான்க்கா முதல் மூணையும் எழுதினேன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். புதிதாக எழுதிப் பார்க்க நோட்டுப் புத்தகத்தோடு முந்தின நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். 'கூடை' என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. அக்கா போன பிறகு ஸ்க்ரூக்களைப் பொறுக்கிப் பெட்டியை மூடினேன். இது பெட்டியைப் பற்றிய விஷயமே இல்லை என்று உறைக்க எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை காலை பெட்டியைக் காரில் ஏற்றினோம். பின் சீட்டில் வைக்க அவள் சம்மதிக்கவில்லை; மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழியில் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் சாலையில் ஏறியது. கோலா தெர்லா ஊரைத் தாண்டும்வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். "முந்துங்க" என்று அவள் சொல்லவில்லை. பெட்டி குலுங்கக் கூடாதாம்.

கம்போங் ராஜாவில் கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவ்கே, சீனர். அவரோடு பேச எல்லோருக்கும் மலாய்தான். மூடியைத் திறந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்தார்.

"பாத்தெரி மாத்தி லா! அன்னிக்கே உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேனே," என்றார் மலாயில்.

மலாயில் 'மாத்தி' என்றால் செத்துப்போனது. இஞ்சின் நின்றால் மாத்தி, விளக்கு அணைந்தால் மாத்தி. பிறந்ததிலிருந்து நானும் தினம் சொல்கிற சொல். தமிழ் எழுத்தில் காலண்டர் ஓரத்தில் பார்த்தபோது மட்டும் எனக்குள்ளிருந்த புலவர் முந்திக்கொண்டுவிட்டார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"மாத்தியாச்சுன்னு."

"தவ்கே என்ன தமிழ்லயா பேசுவாரு?"

"எழுதினது நீ. தமிழ்ல எழுதின."

"பின்ன சீனத்துலயா எழுதுவேன்?"

என்ன சண்டை என்று தவ்கே கேட்டார். தமிழில் அந்தச் சத்தத்துக்கு மாற்றுவது என்று அர்த்தம் என விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே? மாத்தி ஆனா மாத்தி!"

பிறகு அவளிடம் கேட்டார், "கொஞ்ச நாளா கம்ப்யூட்டர்ல கடிகாரம் தப்பாக் காட்டுச்சா?"

"ஒரு மாசமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன், கடைசித் துரும்பைப் பிடித்து.

"சொன்னேன். வயசானா மறதி வரும்னீங்க."

காசு அளவு வட்டமான புது பேட்டரியைத் தவ்கே நகத்தால் அமுக்கிப் பொருத்தினார். இருமி முடிக்கிற நேரம்தான். பொத்தானை அமுக்கியதும் 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள். தேதி மட்டும் எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியில் நின்றது.

"நல்ல காலம்," என்றாள் என் மனைவி. எதைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

கோப்பு திறந்தது. அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

கூடை நிறையக் கொழுந்து தந்தீர்
குளிரில் போர்வையாய் வந்து நின்றீர்
குறையுள்ள கைக்கும் வேலை தந்தீர்
குற்றம் பாராமல் கூட வந்தீர்

எதுகையைப் பற்றிச் சொல்ல என்னிடம் வழக்கம்போல ஏதோ இருந்தது. சொல்லவில்லை. "நல்லா இருக்கு" என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு." நாங்கள் கேட்காமலேயே தவ்கே பன்னிரண்டு பிரதி எடுத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது சரணம் வந்தபோது ஆலயத்தில் இருமல்கூட நின்றது. கடைசி வரிசையில் நான் நல்ல ஸ்வெட்டரோடு பக்தியாக நின்றேன். பேட்டரிக் கதை எங்களுக்கு முன்பே லைனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது, 'குறையுள்ள கைக்கும்' என்ற இடத்தில் பாடகர் குழு மொத்தமும் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல் லைன் அக்காவுக்குச் சிரிப்பில் சுருதி பிசகியது. என் மனைவி மட்டும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கும்பிட்டிருந்த இரண்டு கைகளையும் மெல்லப் பிரித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டேன்.