சகாயம்மாளின் மாட்டுச் சலங்கை

பாலக்கரைப் பெண்கள் பள்ளி ஒன்றில் சகாயம்மாள் டிரில் டீச்சர். நாற்பது வயது, கழுத்தில் எப்போதும் விசில். 1934-ஆம் வருஷ ஆண்டுவிழாவுக்கு அவள் எடுத்துக்கொண்டது மாரிஸ் என்கிற இங்கிலீஷ் தடியாட்டம். மதராஸில் டிரில் பயிற்சிக்குப் போனபோது ஒரு வெள்ளைக்கார அம்மாள் கற்றுக்கொடுத்தது. ஆறு பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, குதித்துக் குதித்துத் தடியோடு தடி மோத வேண்டும். காலில் மணி கட்டியாக வேண்டும்.

மாணவிகளுக்கோ கோலாட்டப் பழக்கம். தடியைத் தட்டியதும் கால் தானாக வட்டம் சுற்றப் போய்விடும்.

"வட்டம் கெடையாதுடி! நேரா நின்னு எகிறு!" என்று கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

மணி தேடி மலைக்கோட்டை அடிவாரத்தில் பரக்கத் அலி கடைக்குப் போனாள். மாட்டுக் கழுத்துச் சலங்கைதான் இருந்தது. வாங்கி வந்து தோல்வாரில் தைத்தாள்.

சலங்கைப் பேச்சு ஊருக்குள் பரவியது. பள்ளியை நடத்தும் அற்புதசாமி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குடும்பத்துப் பொண்ணுங்க காலுல சலங்கையா, டீச்சரம்மா? தாசி ஆட்டம்னு ஊரே சிரிக்குது. தடி இருக்கட்டும், சலங்கையை அவுத்துடுங்க."

"அவங்க ஊருல ஆம்பளைங்களே கட்டிக்கிட்டு ஆடுறாங்க, ஐயா."

"அது அவங்க ஊரு."

"இது மாட்டுச் சலங்கைங்க. மாட்டை யாரும் தாசின்னு சொல்றதில்லையே?"

அவர் சிரிக்கவில்லை. "மேடையில சலங்கைச் சத்தம் கேட்டுச்சுன்னா, மறுநாள் நீங்க வேலைக்கு வர வேணாம்."

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தும் ஒரு மணியைக்கூட அவள் கழற்றவில்லை.

விழா அன்று பந்தல் நிரம்பி வழிந்தது. மேடையேறும் நேரத்தில், ஆடவிருந்த ஆறு பேரில் ஒருத்தியான ரங்கநாயகியின் அப்பா வந்து மகள் கையைப் பிடித்து இழுத்தார். மற்ற ஐந்து பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"போ கண்ணு. சலங்கையை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ," என்றாள் சகாயம்மாள்.

அங்கேயே உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றி, அதைத் தன் காலில் கட்டிக்கொண்டாள். ரங்கநாயகியின் தடியை எடுத்துக்கொண்டு மற்ற ஐந்து பேரோடும் மேடையேறினாள்.

பாட்டு டீச்சர் டோரதி பிடிலில் மெட்டை எடுத்தாள். முதல் அடி விழுந்ததுமே முன்வரிசையில் இருந்த அற்புதசாமி கையை உயர்த்தினார். டோரதி பயந்து நிறுத்திவிட்டாள்.

சகாயம்மாளின் கால் நிற்கவில்லை. ஜல், ஜல். பிடில் நின்றதும் தடுமாறிய மாணவிகளின் கால்கள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டன. ஒருத்தியும் வட்டம் சுற்றவில்லை. தடிகள் படீர் படீரென்று மோதின. டோரதி பிடிலை மடியில் வைத்துக்கொண்டு காலால் தாளம் தட்டினாள். ஆட்டம் கடைசி அடிவரை போய்த்தான் முடிந்தது.

"நாளைக்கு வர வேணாம்," என்றார் அற்புதசாமி.

"சரிங்க. விசில் என்னோடது, எடுத்துக்கிட்டுப் போறேன்."

சலங்கையை அவிழ்க்காமலே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். வண்டிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"சத்தம் வருது, மாட்டைக் காணோமே டீச்சரம்மா?"

"பந்தல்ல, முன்வரிசையில உக்காந்திருக்குது. போய்ப் பாருங்க."