அண்ணி வாங்கிய ஆம்ப்

அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி பார்த்தால் அந்த உரிமை ஒரே ஒருத்திக்குத்தான், அவளுடைய கணவரின் தங்கைக்கு. ஆனால் அந்த நாத்தனார் டிரம்ஸ் வாசிக்கிற இசைக்குழுவில் இவள் அடிச்சுரம் வாசிக்கிற பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற நாள் முதல், பாடுகிறவனும் அண்ணி என்றான், மைக் கட்ட வந்தவனும் அண்ணி என்றான். தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர் நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "அண்ணி, கடைசிப் பாட்டு பிரமாதம்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் அடித்தளத்தில், ஆள் உயர இயந்திரங்கள் வரிசையாக நின்று நாள் முழுக்க விரிப்புகளையும் பச்சை உடுப்புகளையும் புரட்டிக்கொண்டிருக்கும். உள்ளே துணி ஒரு பக்கமாகச் சுருண்டு சேர்ந்துவிட்டால் இயந்திரம் இருமத் தொடங்கும். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாலும், "மூணாவது மிஷினை நிறுத்துங்க, துணி உருண்டு போச்சு" என்று சொல்லிவிடுவாள். அடித்தொண்டைச் சத்தங்களோடு அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

இசைக்குழுவுக்குள் அவள் வந்தது தற்செயல். பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். நாத்தனார் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, நீங்க வாசிங்க."

"எனக்கு என்னடி தெரியும்?"

"சாதாரண கிதாருக்கு ஆறு கம்பி. இதுக்கு நாலே நாலுதான். வேலை கம்மி!"

வேலை கம்மி என்பது முழுப் பொய். அண்ணி அதைக் கண்டுபிடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. ஆனால் அதற்குள் அவளால் அதை விடவும் முடியவில்லை. சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். கணவர் தபால் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன பாட்டு?" என்று கேட்கிற அளவுக்கு அது வீட்டு வழக்கமாகிவிட்டது.

கிளம்பிப் போனவன் கிதாரோடு, அதன் ஒலியைப் பெருக்குகிற ஆம்பையும் விட்டுப் போயிருந்தான். பெருந்தன்மை என்று முதலில் நினைத்தார்கள். தூக்கிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய கறுப்புப் பெட்டி, ஓரங்களில் இரும்பு மூலை, கைப்பிடி ஒன்றே ஒன்று, அதுவும் ஆட்டம் கண்டது. நாத்தனார் அதற்கு எருமை என்று பெயர் வைத்தாள். லிஃப்ட் இல்லாத மாடி வீட்டிலிருந்து எருமையை இறக்கி ஏற்றுவதற்குள் கணவருக்கு இடுப்பு கழன்றுவிடும். "நான் கட்டினது ஒருத்தியை, சுமக்கிறது ரெண்டு பேரை" என்று படியில் நின்று மூச்சு வாங்குவார்.

சுமந்ததற்காவது பலன் இருந்ததா என்றால், இல்லை. புத்தகக் கடையின் மாடியில் ஒரு காபிக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே பாட்டு வைப்பார்கள். மரத்தரை, தாழ்வான கூரை, நெருக்கமாகப் போட்ட மேசைகள். முதல்முறை அங்கே வாசித்தபோது எருமை தரையோடு சேர்ந்து உறுமியது. முன்மேசையில் கரண்டிகள் தட்டில் கிடந்து நடுங்கின. ஒரு பெண் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயந்துபோய் அண்ணி சத்தத்தைக் குறைத்தால், தனக்கே தான் வாசிப்பது கேட்கவில்லை. கூட்டினாலோ வெறும் உறுமல். எந்த சுரம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நிகழ்ச்சி முடிந்ததும் கடைக்கார அம்மா வந்தாள். கறாரான மனுஷி, ஆனால் பேச்சில் விஷம் கிடையாது.

"பாட்டு நல்லா இருந்துச்சு. டிரம்ஸும் நல்லா இருந்துச்சு. திரும்பவும் வாங்க. ஆனா அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம். இடி இறங்கின மாதிரி இருக்கு, கீழே புத்தகம் பார்க்கிறவங்க மேலே வந்து சண்டை போடுறாங்க."

அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்கு மேல் கத்திரி வேறு வாயைத் திறந்தான். குழுவில் கிதார் வாசித்துப் பாடுகிறவன் அவன். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் பேச்சைப் பாதியில் வெட்டுகிற பழக்கமும் இருந்ததால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இந்த மாதிரி சின்ன இடத்துக்கு பேஸ் இல்லாமலே சமாளிச்சிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"என்ன பேச்சு பேசுற நீ?" என்று நாத்தனார் குச்சியை நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். அண்ணிதான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைக்கார அம்மாவிடம் திரும்பி, "வேற பெட்டியோட வரேன். ஒரு வாய்ப்புக் கொடுங்க" என்றாள். அந்த அம்மா யோசித்துத் தலையை ஆட்டினாள். ஆனால் "யாருக்கும் தெரியாது" என்ற சொல் மட்டும் செருப்புக்குள் புகுந்த கல்லாக அண்ணியை வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் வேலையிடத்தில் அவள் ஒரு இயந்திரத்தின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு மேல்தளத்தில் ஒரு சிறிய இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தபோது, தரை அதிர்ந்து கீழே நோயாளிகள் புகார் செய்தார்கள். பழுது பார்க்க வந்தவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. காலடியில் தடித்த ரப்பரைச் செருகிவிட்டுப் போய்விட்டார். அதிர்வு அடங்கிற்று. எருமையும் காபிக் கடையின் மரத்தரையில்தானே உட்கார்ந்திருந்தது? பாதி உறுமல் பெட்டியுடையது அல்ல, தரையுடையது! இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. பெட்டி தரையில் இருந்தால் சத்தம் அவள் முழங்காலுக்குத்தான் போகிறது. காது இருப்பதோ மேலே.

அடுத்த விடுமுறை நாளில் அவள் வாத்தியக் கடைக்குப் போனாள். தன் கிதாரையும் எடுத்துக்கொண்டாள், நாத்தனாரையும் இழுத்துக்கொண்டாள். விற்பனையாளன் நல்ல பையன்தான், ஆனால் எடுத்த எடுப்பிலேயே எருமைக்கு அண்ணன் மாதிரி இருந்த ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இதை வாங்குங்க மேடம். மைதானமே அதிரும்."

"எனக்கு மைதானம் வேண்டாம்ப்பா. ஒரு காபிக் கடை. கோப்பை நடுங்கக் கூடாது, ஆனா நான் வாசிக்கிறது கேக்கணும். அப்புறம், மாடிப்படியில நானே தூக்கணும்."

அவன் சிரித்துவிட்டு, சின்னப் பெட்டிகள் இருந்த பக்கம் அழைத்துப் போனான். முதலாவது கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. தனியாக வாசித்தபோது தேன் மாதிரி இனித்தது. "இதுவே போதும் அண்ணி" என்றாள் நாத்தனார். அண்ணி அசையவில்லை.

"தனியா வாசிச்சா எதுவும் நல்லாத்தான் இருக்கும். நீ போய் அந்த டிரம்ஸ்ல உக்காரு. கடையில அடிக்கிற மாதிரி அடிக்காதே, நம்ம அடிக்கிற மாதிரி அடி."

நாத்தனாருக்கு இதைவிட என்ன வேண்டும்? பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற கை அது. அடித்த அடியில் தேன் பெட்டி இருந்த இடம் தெரியவில்லை. ஒலியைக் கூட்டியதும் கிழிந்த துணி மாதிரி கரகரத்தது. இரண்டாவது பெட்டிக்கு பலம் இருந்தது, ஆனால் எடை எருமையின் தங்கச்சி. மூன்றாவது நடுத்தரமான உயரம், ஒற்றை ஸ்பீக்கர், ஒரு கையால் தூக்கிவிடலாம். அண்ணி அதை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி வைத்தாள். விற்பனையாளன் பழக்கதோஷத்தில் அடிச்சத்தத்தைக் கூட்டுகிற பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினான். அவள் அதைத் திரும்பக் குறைத்துவிட்டு, நடு சுரங்களைக் கூட்டுகிற குமிழைக் கொஞ்சம் ஏற்றினாள். தனியாகக் கேட்டால் சற்று மூக்கடைத்த குரல்தான். ஆனால் டிரம்ஸ் சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் உரித்து வைத்தாற்போல வெளியே வந்து நின்றது.

நாத்தனார் அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். "அண்ணி! நீங்க இவ்வளவு நாளா இதையா வாசிச்சுட்டு இருந்தீங்க?"

"பின்னே? உன் காதுல விழுந்தாத்தானே!"

அரங்கம் பெரிதாக இருந்தால் அங்குள்ள ஒலிபெருக்கியோடு நேரே இணைக்கிற துளை பின்னால் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இருந்தது. வேறு பேச்சில்லை, கட்டச் சொல்லிவிட்டாள். வரும் வழியில் இருக்கை மெத்தை விற்கிற கடையில் நல்ல கெட்டியான நுரைத்துண்டு ஒன்றையும் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

சொன்னபடி மறுபடி ஒரு ஞாயிறு வந்தது. கடைக்கார அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு புதுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அண்ணி நாற்காலியில் நுரையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, தன் காதைப் பார்த்துத் திருப்பினாள்.  கத்திரி பாட்டு வரிசையில் பேஸ் இல்லாமல் முடிக்கக்கூடிய பாட்டுகளை முன்னால் போட்டிருந்தான். அதை அண்ணி கவனித்தாள், கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

முதல் பாட்டில் கோப்பைகள் கிடந்தபடி கிடந்தன. இரண்டாம் பாட்டில் முன்மேசைக்காரர்களின் கால்கள் தாளம் போட்டன. வேகப்பாட்டு தொடங்கியதும் ஒரு இளம் தம்பதி எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்கினார்கள்.

பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணியின் பேஸ் சட்டென்று செத்தது. கேபிள் முனையில் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. கத்திரி பாடிக்கொண்டுதான் இருந்தான், நாத்தனார் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஆடியவர்களின் கால் தடுமாறிற்று. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தரையை யாரோ காலடியிலிருந்து உருவிக்கொண்ட மாதிரி மொத்தப் பாட்டும் அந்தரத்தில் தொங்கியது. பின்மேசையிலிருந்து ஒருவர், "என்னங்க ஆச்சு?" என்று கத்தியே விட்டார். கத்திரி திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு திகிலை அண்ணி அதுவரை பார்த்ததில்லை. "அண்ணி!" என்று மைக்கிலேயே அலறினான்.

அண்ணி பதறவில்லை. நின்றுபோன இயந்திரத்தை ஓட வைக்கிற நிதானத்தோடு ஒலியைத் தாழ்த்தினாள், பையிலிருந்து மாற்றுக் கேபிளை உருவினாள், இரண்டு முனைகளையும் செருகினாள், ஒலியை உயர்த்தினாள். நாத்தனார் கண்ணால் கேட்டாள், அண்ணி தலையை ஆட்டினாள். அடுத்த சுற்றின் முதல் அடியில் டிரம்ஸும் பேஸும் ஒன்றாக இறங்கின.

கடை முழுக்க ஓவென்று ஒரு கூச்சல் எழுந்தது. தெரியாமல் தொலைத்த ஒன்று கைக்குத் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அது. ஆடியவர்களின் கால்கள் தானாக இடம் கண்டுபிடித்தன. கல்லாவுக்குப் பின்னாலிருந்து கடைக்கார அம்மா, துடைக்கிற துணியும் கையுமாக, இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டு வந்தாள். கீழே புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏறி வந்தார்கள். சண்டை போட அல்ல. படிக்கட்டு வாசலிலேயே நின்று கை தட்டினார்கள். கத்திரி அந்தப் பாட்டை முடிக்கவே விடவில்லை. "அண்ணி தனியா ஒரு சுற்று!" என்று அறிவித்தான். நாலு கம்பியும் பேசின. கதவோரம் நின்ற கணவர் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே இத்தனை வருஷக் குடித்தனத்தில் அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது.

முடிந்ததும் கத்திரி வந்து முன்னால் நின்றான். எல்லோர் பேச்சையும் வெட்டுகிறவன், யாரும் குறுக்கே வெட்டாமலே பாதியில் திணறினான்.

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது..."

"வெளுத்து வாங்கிட்டேனா?"

"வெளுத்து, காய வச்சு, இஸ்திரியும் போட்டுட்டீங்க."

அண்ணிக்கு வாயெல்லாம் பல். கடைக்கார அம்மா அதற்குள் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டே, மாதத்தின் முதல் ஞாயிறு இனி இவர்களுக்குத்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். வேறொரு குழுவில் பேஸ் வாசிப்பவளாம், தன் சத்தம் யாருக்கும் கேட்பதில்லையாம். "நீங்க ஆம்பை எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அண்ணி பெட்டி இருந்த நாற்காலிக்கு எதிரே அவளை உட்கார வைத்து, கிதாரை அவள் மடியில் கொடுத்தாள்.

"முதல்ல நீ வாசி. கேட்டுட்டுச் சொல்றேன்."