கதவருகே வளர்ந்த கிளை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கலார்கா என்ற மலையூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய காப்பிக் கிடங்கில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

நானும் என் மனைவி நெல்சியும் ஒளியால் ஒரு மரம் செய்திருந்தோம். எங்கள் மலைக்காடுகளில் இன்னொரு மரத்தைச் சுற்றி வளர்ந்து, கடைசியில் அதையே நெரித்துவிடும் அத்திமரம் ஒன்று உண்டு. அது வளரும் விதம்தான் எங்களுக்கு மாதிரி. யாராவது உள்ளே வந்தால் கூரையிலிருக்கும் கருவி உடற்சூட்டை உணரும். உடனே சுவரிலிருந்து ஓர் ஒளிக்கிளை இறங்கி, தரையில் அந்த ஆளை நோக்கி வளரும். ஆளுக்கு ஒன்று. ஆள் போனால் வாடிவிடும்.

மறுநாள் கண்காட்சித் திறப்பு. நெல்சிக்கு ஐந்தாம் மாதம். எட்டு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. வீட்டுக்குப் போய்ப் படு என்றால் கேட்கிற ஆளா அவள்? கதவுக்கு முதுகைக் காட்டிக் கணினி முன் உட்கார்ந்திருந்தாள்.

மாலை ஆறே கால். எனக்கு ஒரு கிளை. அவளுக்கு ஒரு கிளை.

மூடியிருந்த கதவருகே... இன்னொன்று.

"தகரக் கூரை பகலெல்லாம் வெயில்ல காஞ்சிருக்குல்ல, அந்தச் சூடுதான்," என்றாள் நெல்சி. எதையோ தட்டினாள். "இப்ப உயிருள்ள சூட்ட மட்டுந்தான் பாக்கும். போயிரும் பாரு."

போகவில்லை. முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

"மொத ஆளு இன்னைக்கே வந்தாச்சு ரூபியெல். காப்பி குடுத்து உக்கார வை," என்று சிரித்தாள்.

கிளை நகர்ந்தது. மெதுவாக... அவளை நோக்கி.

சர்ர்... சர்ர்... யாரோ காலைத் தேய்த்து நடக்கும் சத்தம்.

"நெல்சி, வெளிய போலாம் வா."

"ரெண்டு நிமிஷம் இருப்பா."

அது அவளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"குளிருது," என்றாள்.

நான் ஓடினேன். அதற்குள் அது கதவை நோக்கித் திரும்பிவிட்டது.

தனியாக இல்லை.

பக்கத்திலேயே, விரல் நீளத்தில்... ஒரு சின்னக் கிளை.

கதவருகே சின்னது கொஞ்சம் தயங்கியது.

இரண்டும் அணைந்தன. சின்னது வந்ததிலிருந்து போகும்வரை நெல்சி தலையைத் திருப்பவே இல்லை.

நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். காலையில் பிள்ளை அசையவே இல்லை என்றாள். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். மறுபடியும் தேடினார். இதயம் நின்றுவிட்டது என்றார். எப்போது என்று கேட்டேன். நேற்று சாயங்காலமாக இருக்கலாம் என்றார்.

பல நாள் கழிந்தன. ஒருநாள் நெல்சி சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தச் சின்னது கதவுகிட்ட நின்னுச்சே... என்னத் திரும்பிப் பாத்துச்சா?"

அந்தச் சின்னக் கிளையைப் பற்றி அதுவரை நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.