அண்ணாச்சி அனுப்பிவைத்த சீனப் படிப்பு

பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவனிடம் எதைப் படித்துவிட்டு வரச் சொன்னாலும் படித்துவிட்டு வந்து நிற்பான், அவன் தலையெழுத்து அப்படி. என்னிடம் சீன மொழியைச் சொன்னார்கள். முதலாளி சொன்னார் என்பதற்காக எதையாவது படிக்கப் போய் மண்டை காய்ந்தவர்களே, நீங்கள்தான் என் சொந்தபந்தம், கொஞ்சம் கேளுங்கள்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் நான் லேபிள் ஆர்ட்டிஸ்ட். பட்டாசுப் பெட்டி மேலே சிரிக்கிற கிளியும் குழந்தையும் என் கை வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் ஆளாளுக்குச் சீனா மிஷின் இறக்க ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கும் ஆசை வந்தது. மிஷினோடு வரும் புத்தகம் சீனத்தில்தான் இருக்குமாம். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ஒரு வருசம் அங்கன போய்ப் படிச்சிட்டு வாலே. மிஷின் வந்ததும் நீதான் இன்சார்ஜ்."

எழுத்தா, படமா?

சீனாவில் என் வகுப்புக்கு வாங் என்று ஒரு டீச்சரம்மா. என் நோட்டைப் பார்த்து அசந்துபோனார். அச்சடித்த மாதிரி இருந்தது எழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கரும்பலகையில் எழுதச் சொன்னார். நான் லேபிளில் செய்கிற மாதிரியே கட்டம் போட்டு, ஓரக்கோடு இழுத்து, உள்ளே சாக்பீஸால் நிரப்பினேன். ஒரு எழுத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது.

எந்தக் கோட்டுக்கு அப்புறம் எந்தக் கோடு என்று ஒரு வரிசை உண்டாம். அந்த வரிசையில் போட்டால்தான் எழுத்தாம். வகுப்பே சிரிக்கிறது! பத்து வருசம் பிரஷ் பிடித்த கையை ஒன்றாங்கிளாஸ் பிள்ளை கையைப் பிடிக்கிற மாதிரி பிடித்து இழுத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: "உனக்கு எழுத வராது. வரையத்தான் வருது."

போன் பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணாச்சி போன் பண்ணுவார். "எங்க, பேசு பாப்போம்" என்பார். ஆறு மாசத்தில் நான் கடைக்காரனிடம் பேரம் பேசவும் டாக்டரிடம் வயிற்றுவலியைச் சொல்லவும் தேறியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிறு, மை, பேப்பர், உருளை, பல்சக்கரம் என்று மிஷினின் முழு ஜாதகத்தையும் மூச்சுப் பிடித்து ஒப்பித்தேன். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாத மனிதர், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "ஏலே, போன வாரமும் இதத்தான சொன்ன?"

கடை திறப்பு வெடி

ஒருநாள் காலையில் விடுதி அறையில் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே படபடவென்று வெடிச் சத்தம். எனக்குச் சொந்த ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. பகலில் அப்படிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் புகை என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்து நின்றேன். எதிரே புதுக் கடை திறக்கிறார்கள், சரம் கொளுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விடுதி வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டாசு ஊர்க்காரன் பட்டாசுக்குப் பயப்படுகிறானாம்!

எனக்கு வந்ததே கோபம்! வெடி விபத்து நடந்தால் கம்பெனி வாசலில் பொம்பளைகள் பிள்ளைகள் பேரைச் சொல்லி அழுதுகொண்டு நிற்பதை, அம்மா வீடு வந்து சேரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காததை, அத்தனையையும் சீனத்திலேயே சொல்லித் தீர்த்தேன். அகராதியைத் தேடவே இல்லை. அவர் சிரிப்பு நின்றுபோனது. உள்ளே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கோபம் வந்தா நீ தப்பே இல்லாமப் பேசுற."

மிஷின் வந்தது

நான் ஊர் திரும்பிய அடுத்த மாசம் மிஷின் வந்தது, கூடவே ஒரு சீன ஃபிட்டரும். ஐந்து நாள் புத்தகத்தைப் படித்து, அவரிடம் பேசி, ஓட்டிக் காட்டினேன். முதல் லேபிள் சுத்தமாக விழுந்தது. ஆட்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார், "இவன் சீன மொழி எப்படின்னு அவருட்ட கேளு." யாரிடம் சொன்னார்? என்னிடம்தான்!

கேட்டேன். பேச்சு நன்றாக இருக்கிறது, கையெழுத்து தன்னுடையதைவிட அழகு என்றார் ஃபிட்டர். ஒரு வார்த்தை கூட்டாமல் தமிழில் சொன்னேன். "உன்னப் பத்தி நீயே சொல்லிக்கிறியாக்கும்?" என்றார் அண்ணாச்சி. சர்டிபிகேட்டை நீட்டினேன். அதுவும் சீனத்தில் இருந்தது. "இதுல என்ன போட்டிருக்குன்னும் நீதான சொல்லணும்?" என்றார். அப்புறம் ஃபிட்டர் தரையெல்லாம் தூசி, இப்படி இருந்தால் மிஷின் தாங்காது என்றார். அதையும் நான்தான் சொன்னேன். அதை மட்டும் உடனே நம்பி விளக்குமாறு எடுக்கச் சொன்னார்.

கடைசியில் பக்கத்தில் நின்ற தன் மருமகனைக் கைகாட்டி, "மிஷின மாப்பிள்ள பாத்துக்கிடுவாக. சீனாக்காரர் வந்தா நீ பேசு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருசம் நான் பட்டது, அவர் கொடுத்த வாக்கு, அவருடைய நியாயம் எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே சீனத்தில் கிழித்தேன். வாட்ச்மேன் சொன்னது சத்தியம், ஒரு தப்பு வரவில்லை. ஃபிட்டர் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். அண்ணாச்சி முழுக்கக் கேட்டார், என் தோளில் தட்டினார், சொன்னார்: "ஏலே, இதத்தான போன்லயும் சொன்ன?"

எனக்குச் சீனம் தெரியும் என்பதற்கு இந்த ஊரில் ஒரே சாட்சி நான்தான், அந்தச் சாட்சியும் செல்லாதாம்.